எட்டு என்று எழுதிய நாள்

தூத்துக்குடியில் மதுரை பைபாஸிலிருந்து துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையில், உப்பளங்களுக்கு நடுவே ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு இருக்கிறது. அங்குள்ள சர்வர்களைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் ஜெபிஷா. நாசரேத்துக்காரி. அப்பா அங்கே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காகத் தூத்துக்குடி மூன்றாவது மைல் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் கேட்டதற்கு மட்டும் பதில் வரும்.

யார்டுக்கு வரும் ட்ரெய்லர் லாரி ஒவ்வொன்றும் கேட்டில் நிற்க வேண்டும். கேமரா கன்டெய்னர் நம்பரைப் படம் பிடிக்கும், எடைமேடை எடையை அனுப்பும். சர்வர் எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்து, சரியென்றால்தான் கேட்டின் கம்பி மேலே போகும். கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டில் உள்ள இடம் என்பதால் கையால் தூக்கிவிடவும் அனுமதி கிடையாது. சர்வர் வாயை மூடிக்கொண்டால் லாரி நின்ற இடத்தில் நிற்கும்.

2019இல் காலை நேரங்களில் கேட் திறக்க ஆகும் நேரம் இழுத்துக்கொண்டே போனது. புது சர்வர் வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெபிஷா இரண்டு வாரம் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். சர்வருக்குள் நான்கு பிராசசர்கள் இருந்தன. நெட்வொர்க் வழியாகத் துண்டு துண்டாக வரும் தகவல்கள், அதாவது பாக்கெட்டுகள் அத்தனையும் முதல் பிராசசர் தலையிலேயே விழுந்தன. மற்ற மூன்றும் சும்மா இருந்தன.

"பந்தியில நாலு பேரு பரிமாற நிக்காங்க சார். ஒருத்தரே எல்லா எலைக்கும் ஓடுதாரு" என்று ஆபரேஷன்ஸ் மேனேஜர் சங்கரபாண்டியனிடம் சொன்னாள்.

"மத்த மூணு பேரையும் வாளியத் தூக்கச் சொல்லும்மா" என்றார் அவர்.

அதற்கு, சர்வரை இயக்கும் லினக்ஸின் மையமான கர்னலிலேயே ஒரு வழி இருக்கிறது. rps_cpus என்றொரு கோப்பு. எந்தெந்த பிராசசர்கள் பாக்கெட்டுகளைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அதில் எழுதிவிட்டால் கர்னல் பிரித்துக்கொடுத்துவிடும். ஜெபிஷா ஒரே ஒரு எழுத்தை எழுதினாள். கேட் வேகம் பிடித்தது. கேட்டை இயக்கும் புரோகிராமை நான்காவது பிராசசரில் மட்டும் ஓடும்படி கட்டியும் வைத்தாள். மூன்று வருடம் யாருக்கும் சர்வரைப் பற்றிய நினைப்பே வரவில்லை. எப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்கவுமில்லை, அவள் எங்கும் எழுதி வைக்கவுமில்லை.

2022 மே மாதம் புது சர்வர் வந்தது. எட்டு பிராசசர். ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவாக இருக்கும், அன்றைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவானது. அதே ஞாயிறு நாசரேத்தில் ஜெபிஷாவின் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். அவளோடு வேலை பார்க்கும் விஜயராஜ், "நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். உடன்குடிக்காரன், முப்பத்தொரு வயது, நிதானமான ஆள். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபிஷா அவனுக்காகச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பதினான்கு வரிகள். ஒன்பதாவது வரி இப்படி இருந்தது: rps_cpus – எட்டு பிராசசருக்கும் மாற்றவும்.

அந்தக் கோப்பில் எழுதுவது எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு பிராசசருக்கும் ஒரு கட்டம் உண்டு. முதல் கட்டத்தின் மதிப்பு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு, நான்காவதற்கு எட்டு. எட்டு என்று எழுதினால் நான்காவது கட்டத்தில் மட்டும் டிக் விழும். எட்டு பிராசசரும் வேண்டுமென்றால் எட்டுக் கட்டங்களின் மதிப்பையும் கூட்டி, பதினாறடிமான எண்முறையில் ff என்று எழுத வேண்டும். இதை எழுத ஒரு வரி போதும். நேரம் இல்லாமல் இல்லை. விஜயராஜுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு லாரி குறையவும் இல்லை. இரண்டு நாள் தாமதமாக வந்த கப்பலுக்கு மாலைக்குள் பெட்டிகளை ஏற்றியாக வேண்டும் என்று காலையிலிருந்தே ட்ரெய்லர்கள் வரிசைகட்டின. பத்து மணிக்கு விஜயராஜ் புது சர்வரை இணைத்தான். பதினோரு மணிக்குக் கேட் நின்றுபோனது. எட்டு என்று எழுதியதால் பாக்கெட்டுகள் அத்தனையும் நான்காவது பிராசசருக்குப் போயின. பழைய சர்வரில் இருந்தபடியே கேட் புரோகிராமும் அங்கேதான் கட்டிப்போடப்பட்டிருந்தது. கேமராக்களின் படங்கள் வந்து குவியக் குவிய, அந்த புரோகிராமுக்கு மூச்சு விட இடமில்லை. விஜயராஜ் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தான். சர்வர் எழும்போதெல்லாம் அவன் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் மறுபடியும் அதே எட்டைப் போட்டது.

நாசரேத்தில் ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஜெபிஷா கைப்பையைத் திறந்தபோது மணி மூன்று. இருபத்தேழு அழைப்புகள் வந்திருந்தன. கூப்பிட்டாள்.

"அக்கா, கேட்டு செத்துப்போச்சு. லாரி பைபாஸ் வரைக்கும் நிக்கி. என்ன செய்யன்னு தெரியல" என்றான் விஜயராஜ். குரல் உடைந்திருந்தது.

"பதறாத. கேபிள் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"rps போட்டியா?"

"போட்டேன்க்கா. எட்டு."

"சரி, அப்ப அது இல்ல" என்றாள் ஜெபிஷா. எட்டு பிராசசருக்கும் போட்டிருக்கிறான் என்றுதான் அவள் காதில் விழுந்தது. "நீ எதையும் தொடாத. நான் வாரேன்."

அண்ணன் காரில் கொண்டுவந்து விட்டான். யார்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்பே லாரிகள் தொடங்கிவிட்டன. உப்பளத்து வெள்ளை கண்ணைப் பறித்தது. சாலையின் இரண்டு பக்கமும் மரமில்லை, கடையில்லை. சில டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். மற்றவர்கள் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

சர்வர் அறைக்குள் நுழைந்தபோது நாலே முக்கால். எட்டு பிராசசர்களில் நான்காவது மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது, மற்ற ஏழும் ஏறக்குறைய பூஜ்யம். பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. கோப்பைத் திறந்தாள். 08. ff என்று மாற்றி எழுதினாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, வெளியே கம்பி ஏறும் சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். விஜயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வரிசை நகரத் தொடங்கியது. பத்தொன்பதாவது லாரி மட்டும் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டித் திறந்தார். டிரைவர் சீட்டில் சாய்ந்தபடியே இருந்தார். பெயர் முப்பிடாதி, விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊர், ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள். மாரடைப்பு. எத்தனை மணிக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடந்தது. சங்கரபாண்டியன் தவிர வெளியூர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"எட்டுன்னு போட்டது யாரு?"

"நான்தான் சார். அக்கா குடுத்த தாள்ல எட்டு பிராசசர்னு இருந்துச்சு" என்றான் விஜயராஜ்.

எல்லோரும் ஜெபிஷாவைப் பார்த்தார்கள்.

"தாள்ல பிராசசர் எண்ணிக்கைதான் சார் எழுதியிருந்தேன். என்ன எண்ணைப் போடணும்னு எழுதல" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. மூன்று மணிக்குப் போனில் நடந்த பேச்சை அவள் சொல்லவில்லை. விஜயராஜ் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அவனை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். மேலே போன அறிக்கையில் நெட்வொர்க் நெரிசல் என்று எழுதி, டிரைவரின் மரணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்திருந்தார்கள்.

முப்பிடாதி மூன்று மணிக்கு முன்பே இறந்திருப்பார் என்று ஜெபிஷா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படியென்றால் போனில் அவள் சொன்ன ஒரு வார்த்தையால் எதுவும் மாறியிருக்காது. சாப்பிட உட்காரும்போது, பஸ்ஸில் போகும்போது, கோயிலில் முழங்கால் போடும்போது அந்த ஒரு கணக்கையே போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

ஜூனில் எழுதத் தொடங்கினாள். விடுபட்ட வரியை எழுதிவிட்டுப் போவதாகத்தான் முதலில் நினைத்திருந்தாள். எழுதும்போதுதான் தனக்கே எவ்வளவு தெரியாது என்று தெரிந்தது. கர்னலின் மூல நிரலைத் திறந்து வாசித்தாள். ஒரு பாக்கெட் வந்ததும் நெட்வொர்க் கார்டு எந்த பிராசசரை எழுப்புகிறது, அந்த பிராசசர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எப்படித் திரும்புகிறது, அனுப்பியவரின் முகவரியையும் பெறுபவரின் முகவரியையும் சேர்த்துக் கர்னல் எப்படி ஒரு எண்ணை உண்டாக்கி அதை வைத்து எந்த பிராசசருக்குத் தள்ளுவது என்று முடிவு செய்கிறது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டாள். இரண்டு மிஷின்களுக்கிடையே நடக்கும் ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் எப்போதும் ஒரே பிராசசருக்குத்தான் போகும். வெவ்வேறு பிராசசருக்குப் போனால் முன்னே வந்தது பின்னேயும் பின்னே வந்தது முன்னேயும் ஆகிவிடும். ஒவ்வொரு பிராசசர் முன்னாலும் பாக்கெட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு. அது ஆயிரத்தைத் தாண்டினால் வருவதைக் கர்னல் கீழே போட்டுவிடும். யாருக்கும் சொல்லாது. எங்கோ ஒரு கோப்பில் விழுந்தவற்றின் எண்ணிக்கை மட்டும் கூடும்.

இதையெல்லாம் தமிழில் எழுதினாள். பிராசசர், பாக்கெட், கர்னல் எல்லாம் அப்படியே இருந்தன. சுற்றியுள்ள பேச்சு தமிழாக இருந்தது. துறைமுகச் சாலையிலுள்ள யார்டுகளில் இந்த வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சாத்தான்குளம், ஏரல், விளாத்திகுளம் பிள்ளைகள். ஆங்கிலக் கையேட்டைக் கண்டால் படித்த மாதிரி தலையாட்டிவிட்டு மூடிவிடுவார்கள். விஜயராஜும் அப்படித்தான். அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான். பழைய சர்வரை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, எழுதியது ஒவ்வொன்றையும் அதில் செய்து பார்த்தாள். டிசம்பரில் அறுபத்தொரு பக்கம் சேர்ந்தது.

கிறிஸ்மஸுக்கு முன்னால் சங்கரபாண்டியனின் அறைக்குப் போய், மூன்று மணிக்கு விஜயராஜ் எட்டு என்று சொன்னதையும் தான் சரி என்றதையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத ஏம்மா இப்ப சொல்லுத? ரிப்போர்ட்டு போயாச்சு. அந்தப் பையன் போயாச்சு."

"அவனத் திரும்பக் கூப்பிடுங்க சார்."

"கூப்பிட்டா எதுக்குக் கூப்பிடுதேன்னு மேல எழுதணும். எழுதுனா உன்னைய அனுப்பணும். போம்மா, போயி வேலையப் பாரு."

ஒரு சனிக்கிழமை உடன்குடிக்குப் போனாள். விஜயராஜ் அப்பாவின் கருப்பட்டிக் கடையில் சிப்பத்துக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"நீ எட்டுன்னு சொன்ன. நான் சரின்னேன். மீட்டிங்ல நான் அதச் சொல்லல" என்றாள்.

"தெரியும்க்கா."

"நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா உங்கள மாட்டிவிடுத மாதிரி இருக்கும். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவன் ஓலையை இழுத்து முடிச்சுப் போட்டான். "கூட்டம் முடிஞ்சு வெளிய வார வரைக்கும் பாத்தேன்."

"இப்ப சார்ட்ட சொல்லிட்டேன் விஜயராஜ்."

"இப்ப சொல்லி?"

ஜெபிஷா கைப்பையைத் திறந்தாள். கொண்டுவந்த அறுபத்தொரு பக்கத்தையும் மேசையில் வைத்தாள். அவன் தொடவில்லை. கிளம்பும்போது, முப்பிடாதி வீட்டுக்குப் போக வேண்டும், வழி தெரியவில்லை என்றாள். அவன் ஓலையைக் கீழே வைத்தான்.

"விளாத்திகுளத்துல எறங்கி மினி பஸ்ஸுல போகணும். ஊருணிக்கு மேக்க மூணாவது வீடு." பிறகு சொன்னான்: "ஜூன்லயே போனேன்க்கா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

முப்பிடாதியின் மனைவி செண்பகம் வீட்டு முன்னால் சாக்கை விரித்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நெடி தொண்டையைப் பிடித்தது. யார்டிலிருந்து வருகிறேன் என்று ஜெபிஷா சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஜெபிஷா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாளில் எழுதாமல் விட்டதை, மூன்று மணி போனை, சரி என்றதை. கேட் அன்றைக்கு நின்றது தன்னால்தான் என்றாள்.

செண்பகம் முழுவதையும் நின்று கேட்டார்.

"நீங்க சொன்ன மிஷின் சமாச்சாரம் எனக்கு வெளங்கல தாயி" என்றார். "ஆனா மூணு மணிக்கு அவுக உசுரோடதான் இருந்தாக. நாலு மணிக்கு எனக்குப் போன் பண்ணாக."

ஜெபிஷா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"காலையிலருந்து வண்டி நகரல, தண்ணி தீந்துபோச்சுன்னாக. எறங்கி எங்கனயாச்சும் நெழலுக்குப் போங்கன்னேன். எப்ப வரிசை நகரும்னு தெரியல, நான் போன நேரம் நகந்துட்டா பின்னால நிக்கவன் ஏசுவான்னாக. நெஞ்சு ஒருமாதிரி இருக்குன்னாக. வெயிலுல்ல, அதான்னு நான் சொன்னேன்."

செண்பகம் குனிந்து, சிதறிய வத்தலைச் சாக்கின்மேல் ஒதுக்கினார்.

"ஒண்ணு கேக்கேன். வண்டி சாயந்தரம் வரைக்கும் நகராதுன்னு யாராச்சும் ஒரு ஆளு வந்து சொல்லியிருந்தா, அவுக எறங்கிப் போயிருப்பாகல்ல? பைபாஸ் பக்கம் டீக்கடை இருக்குன்னு சொல்லுவாகளே. அவ்வளவு பெரிய ஆபீசு. ஏன் ஒருத்தரும் வந்து சொல்லல?"

அன்றைக்குச் சர்வர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். கேட்டில் இரண்டு காவலாளிகள் இருந்தார்கள். வெளியே நிற்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கார் கண்ணாடி வழியாக அந்த வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டு வந்த தனக்கும் தோன்றவில்லை.

"தெரியலக்கா" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. செண்பகம் அவளைத் தேற்றவில்லை, போகவும் சொல்லவில்லை. மறுபடி உட்கார்ந்து காம்பு கிள்ளத் தொடங்கினார். ஜெபிஷாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி வத்தலை எடுத்துக்கொண்டாள். கடைசி மினி பஸ் வரும்வரை இரண்டு பேரும் கிள்ளினார்கள். விரல்களின் எரிச்சல் மூன்று நாள் இருந்தது.

ஊர் திரும்பி அறுபத்திரண்டாவது பக்கத்தை எழுதினாள். அதில் கர்னலைப் பற்றி எதுவும் இல்லை. சர்வர் நின்று பத்து நிமிடத்துக்குள் ஒருவர் சாலைக்குப் போக வேண்டும். எவ்வளவு நேரமாகும் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்ல வேண்டும். யாருடைய இடமும் பறிபோகாதபடி லாரிகளுக்கு வரிசை எண் எழுதிக் கொடுத்து, இறங்கி நிழலுக்குப் போகச் சொல்ல வேண்டும். கடைசியில், 2022 மே மாதம் இதைச் செய்யாததால் முப்பிடாதி என்ற டிரைவர் இறந்தார் என்று எழுதினாள்.

சங்கரபாண்டியன் அறுபத்தொரு பக்கத்தையும் பாராட்டினார். மற்ற யார்டுகளுக்கும் அனுப்பலாம் என்றார். கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவளிடமே நீட்டினார்.

"இது டெக்னிக்கல் இல்லையேம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

யார்டில் அச்சிட்டு வைத்திருப்பது அறுபத்தொரு பக்கப் புத்தகம். ஜெபிஷா தன் பெயரில் ஒரு இணையப் பக்கம் தொடங்கி, அறுபத்திரண்டையும் அதில் போட்டாள். மாதத்துக்கு நாற்பது ஐம்பது பேர் பார்க்கிறார்கள். பெரும்பாலும் நான்காம் பக்கத்தோடு போய்விடுகிறார்கள், தேடி வந்தது அங்கே கிடைத்துவிடுவதால்.

மறு வருடம் ஏப்ரலில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. பக்கம் 23இல் தவறு. பாக்கெட்டை அதைக் கேட்கும் புரோகிராம் ஓடுகிற பிராசசருக்கே அனுப்ப இரண்டு இடத்தில் எண் போட வேண்டும். நீங்கள் ஒன்றை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் போட்டால் ஒன்றும் நடக்காது. கீழே விஜயராஜ் என்று இருந்தது.

ஜெபிஷா பழைய சர்வரில் செய்து பார்த்தாள். அவன் சொன்னது சரி. நான்காம் பக்கத்தோடு நிற்காமல் வாசித்திருக்கிறான், எங்கோ ஒரு சர்வரில் செய்தும் பார்த்திருக்கிறான். திருத்தி எழுதி, முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் சேர்த்து அவனுக்கே அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, எம் பேர எடுத்துருங்க."

"நீ கண்டுபிடிச்சதுல்லா அது."

"இருக்கட்டும்க்கா. செத்துப்போன அந்தாளு பேரு இருக்க புஸ்தகத்துல எம் பேரு வேண்டாம். வீட்ல கேப்பாங்க. எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது." பின்னால் தராசுத் தட்டு மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "வேற தப்பு கண்ணுல பட்டா எழுதுதேன்."

சரி என்ற சொல் வாய் வரை வந்து நின்றது. "எடுத்துருதேன்" என்றாள்.

அன்றைக்கே எடுத்துவிட்டாள். இதுவரை அவனிடமிருந்து ஏழு திருத்தங்கள் வந்திருக்கின்றன.